ஒன்றரை அங்குலக் கண்

பனியன் கம்பெனியில் எனக்கு ஓட்டை பார்க்கிற வேலை.
டேபிளுக்கு அடியில் ட்யூப்லைட், மேலே ஓடும் துணி.
ஊசிமுனை அளவு வெளிச்சம் கசிந்தாலும்
அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவேன்.
பதினோரு வருசம்.

அப்படிப்பட்டவள் வீட்டுப் பொடக்காளியில்
வானம் முழுக்க ஓட்டையாகக் கிடந்திருக்கிறது.

ஆடி ஞாயிறு, பத்தரை மணி. வைரி.
சத்தமே இல்லை.
புள்ளிக்காரி தொண்டைக்குள் ஒரு இழுப்பு இழுத்தாள்,
குஞ்சுகள் கிளுவை வேலியடியில் மண்ணாகிவிட்டன.
எண்ணினேன். ஒன்பது.
பத்து வரவேண்டுமே என்று
தாயையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன்.

"கம்பிவலை அடிச்சா எட்டாயிரம் ஆகும் புள்ள"
என்றார் வீட்டுக்காரர், நூல்மில்லிலிருந்து, போனில்.
பின்னால் மில்லும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சம்பளத்தன்று ரெஜினா கொண்டுவந்தாள்,
அமராவதி அணையில் பரிசல் போடும்
அவள் கொழுந்தன் ஒதுக்கிய மீன்வலை.
முந்நூறு ரூபாய், மூன்று வாரத் தவணை.
காங்கயம் வரைக்கும் கம்பெனி பஸ்ஸில்
என் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை.

ராத்திரி கொடியில் விரித்து
பின்னால் செல்போன் வெளிச்சம் பிடித்து
பழக்கதோசத்தில் ஓட்டை தேடினேன்.
வலையில் ஓட்டை தேடுவது!
எது இருக்கலாம், எது கூடாது என்று
விரலைத்தான் கேட்கவேண்டும்.
கட்டைவிரல் கணு தட்டி நின்றால் சரி,
இரண்டு விரல் நுழைந்தால் தைத்தேன்.
ஓவர்லாக் நூலுக்கு எங்கள் வீட்டில் என்ன பஞ்சம்.

வேலியில் வெட்டிய கிளுவைக் கொம்பு ஆறு.
முனை குத்தி வலை கிழியாதிருக்க
ஒவ்வொன்றின் தலையிலும் தொட்டாங்குச்சி.
நின்றதைப் பார்த்தால்
மொட்டையடித்த ஆறு பேர்
பந்தலுக்கு மாரடிப்பது போல.

முதல் ராத்திரியே வந்தது, வைரியல்ல,
மீன் வாசம் பிடித்த கடுவன் பூனை.
வலைமேல் தூளிகட்டிப் படுத்து
விடியவிடியக் கீழேயே பார்த்தது.
ஒரு கோழியும் காலையில் தீனி எடுக்கவில்லை.
சோப்புத்தூளில் இரண்டுதரம், புளித்தண்ணியில் ஒருதரம்
ஒரு அணையையே அலசி ஊற்றினேன்.

அப்புறம் மயில்.
கொறங்காட்டிலிருந்து நடந்தே வந்து
ஏறி உட்கார்ந்ததும் வலை தரைதொட்டது.
வேலிக்கு அந்தப்பக்கம் சம்பூர்ணத்தக்கா
முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்,
போட்ட கையாலேயே கல்லெடுத்து வீசினாள்.
இரண்டு ஏக்கர் நிலக்கடலை போன வயிற்றெரிச்சல் அவளுக்கு.

வைரி ஒன்பதாம் நாள்தான் திரும்பியது.
கரண்டுக் கம்பியில் உட்கார்ந்து
தலையை ஒருக்களித்து, ஒவ்வொரு கண்ணாக, நிதானமாக.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.
சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது
எனக்கு வேர்க்குமே, அப்படி வேர்த்தது.
அதுவும் பாவம்தானே என்றெல்லாம் தோன்றவில்லை.
தோட்டத்துப் பக்கம் பறந்துபோனதும்
எனக்கே நான் சொல்லிக்கொண்டேன்: பாஸ்.

ஐப்பசியில் நாலுநாள் மழை.
நட்ட கொம்பெல்லாம் உயிர்பிடித்துக்கொண்டது.
தொட்டாங்குச்சியை ஒருபக்கமாகத் தூக்கிக்கொண்டு
ஒன்றரை அங்குலக் கண்வழியே
இலை மேலே வந்துவிட்டது.
இனி வலையைக் கழற்றவும் முடியாது.

இன்று தவிடு வைக்கக் கதவை நீக்கிய இடுக்கில்
புள்ளிக்காரி வெளியே பாய்ந்தாள்.
வேலியேறி, கிளுவைத் தழைக்குள்,
வலைக்கு மேலே அடைந்துகொண்டாள்.
பா பா பா என்கிறேன், அசையமாட்டேன் என்கிறாள்.
உள்ளே ஒன்பதும் அண்ணாந்து நிற்கின்றன,
தங்கள் கூரைமேல் தாயின் வயிறு.

இருட்டிவிட்டது. பூனை எங்கேயென்று தெரியவில்லை.
காலை ஐந்தேமுக்காலுக்குக் கம்பெனி பஸ்.
குச்சியும் கையுமாக நிற்கிறேன்.